காரணம் போதவில்லை

அத்தியாயம் 14

மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று இன்றோடு எட்டு வாரம். வாராவாரம் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர்களுக்கு அது தெரியும். இன்றைக்குத்தான் முதல் முறையாக வாசல்படி ஏறுகிறவர்களுக்காக, சண்டை எங்கே ஆரம்பித்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

டீச்சரின் ஒரே மகள் மிளகு நன்றாக நீந்துவாள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள் என்று மாடியில் இருக்கும் அத்தை வைத்த பெயர் அது. நீச்சல் பிள்ளைகளுக்கென்றே ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது; வருஷத்துக்கு ஒரே முறைதான் விண்ணப்பம் வாங்குவார்கள். டீச்சர் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக நிரப்பி, கவரில் போட்டு, செருப்பு அலமாரி மேல் வைத்தாள். மாடியில் இருக்கும் நாத்தனாரின் மருந்துக்கடைக்கு எதிரேதான் அந்த அலுவலகம். கடைக்குப் போகிற வழியில் அவள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

கடைசி நாள் போயிற்று. விண்ணப்பமே வரவில்லை என்றார்கள் அலுவலகத்தில். கொடுத்துவிட்டேன் என்றாள் நாத்தனார். "இந்த வயசுல பிள்ளையை எதுக்கு விடுதிக்கு அனுப்பணும்?" என்று அதற்கு முன்பே இரண்டு தரம் கேட்டவள் அவள். சந்தேகப்பட டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது. மாடிப்படியில் நின்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. போன வாரம் நாத்தனார் வேறு ஊரில் வீடு பார்த்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினாள். இன்று நாலு மணிக்கு லாரி.

காலை ஏழு மணிக்கே மாடியில் பெட்டிகளை இழுக்கும் சத்தம். டீச்சர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே தலைக்கு மேலே முறைத்தாள்.

"போறவங்க சத்தமில்லாமப் போகக் கூடாதா? ஊருக்கே தெரியணுமா?"

லிஃப்ட்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீச்சரின் கணவரைத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டைப் பழுது பார்ப்பவர் அவர்தான். கொஞ்ச நாளாக அவருக்குப் புது வழக்கம் ஒன்று வந்திருந்தது. போன் வந்தால் எழுந்து பின்பக்க பால்கனிக்குப் போய்விடுவார். இப்போதும் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். அரைக் கோப்பை டீ மேஜையில் ஆறியது.

"லீவு போட்டிருக்கீங்கல்ல? அக்காவுக்கு சாமான் இறக்கணுமே?" என்று கேட்டாள், அவர் திரும்பி வந்ததும்.

"போட்டிருக்கேன்."

"எனக்கு ஒரு நாள் லீவு போடுங்கன்னா மட்டும் உலகத்துல இருக்கிற லிஃப்ட் எல்லாம் நடுவுல நின்னுடும்."

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். சண்டை போட ஆள் கிடைக்காதது டீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எட்டு வாரமாக இந்த மனுஷர் யார் பக்கமும் பேசவில்லை. அக்கா செய்தது தப்பு என்றும் சொல்லவில்லை, பெண்டாட்டி கத்தியது தப்பு என்றும் சொல்லவில்லை. இப்படி ஒருவரோடு குடும்பம் நடத்துவதற்கு ஒரு கதவோடு நடத்தலாம்.

மிளகு பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அம்மா, எங்க பிரிவு கதைப் பேப்பரை யார் திருத்துவாங்க?"

"உங்க சார்தான். வேற யாரு?"

"உங்ககிட்ட வராதுல்ல?"

"வராது. ஏன், ஒழுங்கா எழுதலையா?"

மிளகு அதற்குள் படியிறங்கியிருந்தாள். மார்க் பயம் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன பயம் இருக்கப் போகிறது?

பள்ளிக்கூடத்தில் காலடி வைத்ததுமே தலைமையாசிரியை கையில் ஒரு கட்டோடு நின்றாள்.

"டீச்சர், பி பிரிவு சாருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம். எழுந்து நிக்க முடியலையாம். அவர் கட்டையும் நீங்களே பார்த்துடுங்க. மூணு மணிக்குள்ள மார்க் வேணும்."

"மேடம், என் கட்டே நாப்பது பேப்பர்."

"இது நாப்பத்திரெண்டு. கதைதானே? படிக்கறதுக்கு ஜாலியா இருக்கும்."

அந்த 'ஜாலி'யைச் சொன்னவள் ஒரு கதையாவது திருத்தியிருப்பாளா என்று டீச்சர் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். பி பிரிவில் தன் மகள் இருக்கிறாளே என்ற நினைப்பு வராமல் இல்லை. ஆனால் பெயர் கிடையாது; பிள்ளைகள் கணினி அறையில் தட்டச்சு செய்த கதைகள், மேலே அலுவலகம் போட்ட எண் மட்டும். கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. எல்லாப் பேப்பரும் ஒரே மூஞ்சி.

ஒரு மாதமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கதையின் அம்சங்களைச் சொல்லிக் கொடுத்துத் தொண்டை வறண்டிருந்தது. பாத்திரம் என்றால் யார், களம் என்றால் எங்கே எப்போது, கதைப்பின்னல் என்றால் எதனால் எது நடந்தது, நோக்குநிலை என்றால் யார் கண்ணால் பார்க்கிறோம், கரு என்றால் கடைசியில் மனதில் என்ன நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே முரண். "யாருக்கும் யாருக்கும் நடுவுல இழுபறின்னு முதல்ல கண்டுபிடிங்க. அது தெரியலைன்னா கதையே தெரியலைன்னு அர்த்தம்." இதை அவள் தூக்கத்திலும் சொல்வாள். சொல்கிறாள் என்று லிஃப்ட்காரரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார், பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

பலன் என்ன? பன்னிரண்டு பேருக்குக் களம் இருண்ட காடு; அதில் ஒருத்தராவது காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒன்பது கதைகளின் முடிவில் எல்லோரும் தூங்கி எழுந்து 'எல்லாம் கனவு' என்றார்கள். ஏழாம் எண்ணில் கதை சொல்லுகிறவன் இரண்டாவது பத்தியிலேயே செத்துப்போய், அதற்குப் பிறகும் மூன்று பக்கம் விடாமல் சொல்லிக்கொண்டு போனான். பத்தொன்பதாம் எண், 'முரண்: எனக்கும் கணக்கு டீச்சருக்கும்' என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்திருந்தது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு அதற்கு மட்டும் இரண்டு மார்க் கூடப் போட்டாள். உண்மைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

தன் கட்டை முடித்து, பி பிரிவுக் கட்டில் முப்பத்தொன்றாம் எண் வந்தபோது மணி இரண்டு.

சதுரங்கம் ஆடும் ஒரு பெண். தையற்கடை வைத்திருக்கும் ஓர் அத்தை. வெளியூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஒரு கவர். கதை அத்தையின் கண் வழியாகப் போயிற்று, ஓரிடத்திலும் பிசகவில்லை. அப்பாடா, ஒரு பிள்ளைக்காவது நோக்குநிலை பிடிபட்டிருக்கிறது என்று டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

'அத்தை கவரைக் கையில் எடுத்ததுமே நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா எப்போதும் ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் கவரை மூடுவாள். இதில் பச்சைக் கோடு போட்ட டேப் ஒட்டியிருந்தது. அந்த டேப் அத்தையிடம் மட்டும்தான் இருக்கும். காலையில் அதை வாங்கிக்கொண்டு போனது யார் என்று அவளுக்குத் தெரியும். பிரித்தாள். உள்ளே நான்கு வெள்ளைத் தாள்கள்.'

'நல்ல நுணுக்கம்' என்று ஓரத்தில் எழுதி ஒரு டிக் போட்டாள் டீச்சர்.

கதையில் அத்தை மத்தியானமே வீட்டுக்கு வந்து அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்கிறாள். பெண் காரணத்தைச் சொல்கிறாள். என்ன காரணம் என்று கதையில் இல்லை. கவரைக் கொடுத்துவிட்டதாகவே எல்லோரிடமும் சொல்வதாக அத்தை வாக்குக் கொடுக்கிறாள். பழி அவள் தலையில் விழுகிறது. அவள் வாயைத் திறக்கவில்லை.

சிவப்புப் பேனா வேகம் பிடித்தது. 'அந்தப் பெண் ஏன் இப்படிச் செய்தாள்? அத்தை ஏன் பழியைச் சுமக்கிறாள்? காரணம் போதவில்லை.' அதற்குக் கீழே, 'முரண் யாருக்கும் யாருக்கும் நடுவில்? அம்மாவுக்கும் அத்தைக்குமா? தெளிவில்லை.' கடைசிப் பக்கத்தில் அம்மா அத்தையைத் திட்டும் இடம் வந்தது. அதன் பக்கத்தில், 'வசனம் செயற்கை. யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.' இருபதுக்குப் பதினொன்று.

எரிச்சல் அடங்கவில்லை. நல்ல கதையை இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறதே! பக்கத்து நாற்காலியில் அறிவியல் டீச்சர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கேளுங்களேன், எந்த அம்மாவாவது இப்படிப் பேசுவாளா?" என்று டீச்சர் பேப்பரைத் தூக்கிப் பிடித்தாள். "'உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்திருந்தா, அடுத்தவ பிள்ளை எதிர்காலத்துல மண்ணை அள்ளிப் போட மனசு வந்திருக்குமா? இனிமே என் பொண்ணோட நிழல்கூட உங்க மாடிப்படி ஏறாது!'"

அறிவியல் டீச்சர் சிரித்தாள். "அட, அப்படியே அச்சு அசலா நடிக்கிறீங்களே! ரெண்டாவது வரியைப் பேப்பரைப் பார்க்காமலே சொல்லிட்டீங்க!"

டீச்சர் பேப்பரை மேஜை மேல் வைத்தாள்.

பார்க்கவில்லைதான். பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எட்டு வாரத்துக்கு முன்னால், மாடிப்படியின் நாலாவது படியில் நின்று, அவள் வாயால் அவளே சொன்னது. பச்சைக் கோடு போட்ட டேப் மருந்துக்கடையில் மருந்துப் பை ஒட்டுவதற்கு வைத்திருப்பது. மாடி மேஜை மேல் எப்போதும் ஒரு சுருள் கிடக்கும். பின் அடித்துக் கவரை மூடுகிறவள் அவள். நாப்பத்திரெண்டு பேப்பரில், தன் வீட்டுக் கதையை மட்டும் அடையாளம் தெரியாமல் திருத்தி, அதில் தான் பேசியதை யாரும் பேச மாட்டார்கள் என்று சிவப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

அவமானம் காது வரைக்கும் சுட்டது. பிள்ளை இல்லாதவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னோமே என்பது எட்டு வாரம் கழித்து இப்போதுதான் உறைத்தது. மணியைப் பார்த்தாள். இரண்டே கால். நாலு மணிக்கு லாரி.

தலைமையாசிரியை அறைக்குள் ஓடினாள்.

"மேடம், வீட்டுக்குப் போகணும். அவசரம்."

"மார்க்?"

"பதினோரு பேப்பர் பாக்கி. நாளைக்குக் காலைல முதல் வேலையா..."

"என்ன டீச்சர், நீங்களே இப்படிப் பண்ணினா எப்படி? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம். ஒரு பேப்பரைத் தப்பாத் திருத்திட்டேன்."

தலைமையாசிரியை முழித்தாள். விளக்கம் கேட்பதற்குள் டீச்சர் கேட்டைத் தாண்டியிருந்தாள், முப்பத்தொன்றாம் எண்ணை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு. வந்த பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. ஆள் இல்லாத நிறுத்தத்தில்கூட நின்றது. ஓட்டுநரின் பிடரியைப் பார்த்து அவள் பல்லைக் கடித்தாள்.

லாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஊரில் எதுவுமே நேரத்துக்கு வராது, இது மட்டும் வரும்! கட்டிலும் மேஜையும் ஏறியாகிவிட்டன. லிஃப்ட்காரர் அலமாரியின் கதவொன்றைச் சுமந்துகொண்டு இறங்கினார்.

"ஏன் சீக்கிரம் வந்துட்டே?"

"தள்ளுங்க."

எட்டு வாரத்துக்குப் பிறகு அந்தப் படிகளில் ஏறினாள். மாடி அறை காலியாக இருந்ததால் பெரிதாகத் தெரிந்தது. நாத்தனார் தரையில் உட்கார்ந்து கண்ணாடிக் குவளைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

"அக்கா."

டீச்சர் பேப்பரைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தாள். டீச்சர் சுவரோரமாக நின்றாள், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி.

"டேப் விஷயத்தைச் சரியா எழுதியிருக்கா," என்றாள் நாத்தனார். பிறகு ஓரத்தைப் பார்த்தாள். "இந்தச் சிவப்பு உன்னோடதா?"

"ஆமா."

"'வசனம் செயற்கை. யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.'" நாத்தனார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "பேசுவாங்கம்மா. நான் கேட்டிருக்கேன்."

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மன்னிச்சிடுங்கக்கா. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல? அவதான் எடுத்தான்னு சொல்லியிருந்தா..."

"சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்."

"பதினாலு வயசுப் பொண்ணுக்கு என்னக்கா வாக்கு? எட்டு வாரம்! எட்டு வாரம் உங்க பக்கம் திரும்பாம இருந்திருக்கேன். இப்ப ஊரை விட்டே போறீங்க!"

"நீ கத்தினதுக்காக நான் போகல." நாத்தனார் இன்னொரு குவளையை எடுத்தாள். "உன் கத்தல் எனக்குப் புதுசா? இந்த வீட்ல பேச வேண்டியவங்க பேச மாட்டேங்கறாங்க. அதைப் பார்த்துக்கிட்டு என்னால இங்க உட்கார்ந்திருக்க முடியல."

"அவளை நான் இன்னைக்கே பேச வைக்கறேன்."

"நீ கேட்டது எல்லாம் ஒரே கேள்வி. கொடுத்தீங்களா, இல்லையா. விண்ணப்பம் போகலைன்னு தெரிஞ்ச அன்னைக்கு நீ அழுதே, நான் அழுதேன். அவ என்ன பண்ணினான்னு பார்த்தியா?"

டீச்சர் யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ரெண்டு தட்டு சாப்பிட்டா. அதுக்கு முன்னாடி ஒரு மாசமா சரியாவே சாப்பிடல. நீ ரெண்டையும் பார்க்கல." நாத்தனார் பேப்பரை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "காரணம் போதலைன்னு எழுதியிருக்கே. காரணம் இருக்கு. அவகிட்ட கேளு. பேனாவை உள்ள வச்சுட்டுக் கேளு."

கீழே ஓட்டுநர் ஹார்ன் அடித்தான். இருவரும் இறங்கும்போதே கேட் திறக்கும் சத்தம். நீச்சல் பயிற்சி முடிந்து, தலை ஈரம் காயாமல் மிளகு உள்ளே வந்தாள். லாரியைப் பார்த்தாள், மாடிப்படியில் இறங்கி வரும் அம்மாவையும் அத்தையையும் பார்த்தாள், அம்மா கையிலிருந்த பேப்பரையும் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"உங்ககிட்ட வராதுன்னு சொன்னீங்க."

"வந்துடுச்சு." டீச்சருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. நாலாவது படியில் நின்றிருந்தாள். அதைத் தாண்டிக் கடைசிப் படியில் இறங்கி உட்கார்ந்தாள். "திட்ட மாட்டேன். நீந்தறது உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கும்."

"அந்தப் பள்ளிக்கூடம்?"

"அதுவும் பிடிக்கும்."

"அப்புறம் ஏண்டா கண்ணா?"

மிளகு அத்தையைப் பார்த்தாள். அத்தை மெதுவாகத் தலையசைத்தாள்.

"அப்பா போன்ல சொன்னாரு." மிளகின் குரல் உடைந்தது. "பால்கனியில. நான் குளியலறையில இருந்தேன், ஜன்னல் திறந்திருந்துச்சு. 'பொண்ணு விடுதிக்குப் போற வரைக்கும்தான். அவ போனதும் நானும் இந்த வீட்டை விட்டு வந்துடுவேன்'னு சொன்னாரு. நான் போகலைன்னா அப்பாவும் போக மாட்டாருல்ல?"

டீச்சர் தலையைத் தூக்கினாள்.

படியின் மேல் திருப்பத்தில் லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார், அலமாரியின் கடைசி இழுப்பறையைக் கையில் பிடித்தபடி. எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. இழுப்பறையைக் கீழேயும் வைக்கவில்லை, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே டீச்சருக்குப் புரிந்தது. அவர் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

முரண் யாருக்கும் யாருக்கும் நடுவில் என்று ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கேட்டவள், எட்டு வாரமாகத் தப்பான ஆளோடு சண்டை போட்டிருக்கிறாள்.

ஓட்டுநர் இரண்டாவது தரம் ஹார்ன் அடித்தான். நாத்தனார் வாசலுக்குப் போனாள். "இன்னைக்கு லாரி போகலப்பா. ஏத்தினதை இறக்கு," என்றாள். ஓட்டுநர் ஏதோ முணுமுணுத்தான். பிறகு நாத்தனார் திரும்பி வந்து மிளகின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் எழுந்தாள். நாலாவது படி வரைக்கும் ஏறினாள்.

"சொல்லுங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. "போன்ல அந்தப் பக்கம் யாரு?"

அவருடைய சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. இந்த முறை போவதற்கு அவருக்குப் பால்கனி இல்லை.